ஐம்பத்து நாலாவது சீட்டு

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் எங்களுக்குக் கல்யாண மண்டபம் கிடைக்கிறது, மண்டபம் கிடைப்பதால் கோயம்புத்தூரில் வருடா வருடம் மேசை விளையாட்டுத் திருவிழா நடக்கிறது, திருவிழா நடப்பதால் பலகையும் பகடையும் சீட்டும் சொந்தமாகச் செய்து விற்கிற எங்களைப் போன்ற சில்லறை ஆட்கள் அறுபது பேர் மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒருவர் விளையாட்டை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறோம். பெரிய கம்பெனிகள் மணமேடைக்கு எதிரே விளக்குப் போட்டு உட்காருவார்கள். எங்களுக்குப் பந்திக்கூடத்துக்குப் போகிற வழிதான். சாப்பிடப் போகிற ஒவ்வொருவனும் எங்களைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் உண்மையில் அதுதான் நல்ல இடம், இது பெரிய கம்பெனிகளுக்கு இன்றுவரை தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

நான் பொள்ளாச்சியில் மரப் புதிர் செய்கிறவன். திறக்கத் தெரியாத பெட்டி, பிரிக்க முடியாத வளையம், இப்படி. ஏழெட்டு வருடமாக அதே வழியில் அதே தூணுக்குப் பக்கத்தில் கடை போடுகிறேன். அந்த வருடம் எனக்கு எதிர்மேசைக்குக் கோவில்பட்டியிலிருந்து செண்பகவல்லி வந்தார். கூடவே கணவர் பால்வண்ணம், ஒன்பது வயது மகள் குழலி. செண்பகவல்லி பத்து வருடம் காலண்டர் அச்சகத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ஒரு விளையாட்டைச் செய்து இருநூறு பெட்டி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். பால்வண்ணம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பெட்டி தூக்க வந்தவர், பகடை உருட்டக்கூட எனக்குக் கை வராது அண்ணாச்சி என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் செய்ததெல்லாம் காலையில் கடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மகளுக்கு ரெட்டைச் சடை பின்னியது. அதைப் பார்க்கவே நாலு பேர் நின்றார்கள்.

விளையாட்டின் பெயர் தோணிமேடு. அப்படி ஓர் ஊர் எங்கேயும் இல்லை, செண்பகவல்லி தன் கையால் வரைந்த ஊர். நாலு பேர் ஆடலாம், ஒவ்வொருவருக்கும் அந்த ஊரில் ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு தகப்பன் பொம்மை, ஒரு தாய் பொம்மை, ஒரு பிள்ளைப் பொம்மை. முறை வரும்போது சீட்டுக்கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். மழை வரும், மாடு கன்று போடும், கோயில் கொடை வரும், பங்காளி வேலியைத் தள்ளிப் போடுவான், அதில் சொன்னபடி செய்ய வேண்டும், முதலில் மாடி கட்டுகிறவர் ஜெயித்தவர். நல்ல விளையாட்டு. நான் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

குறை இருந்தது, எங்கள் கண்ணில் படவில்லை. அவர் எழுதியது ஐம்பத்து மூன்று சீட்டு. ஒவ்வொன்றையும் வீட்டிலும் வேன் ஸ்டாண்டிலும் அறுபது தடவை ஆடிப் பார்த்துத் திருத்தியிருந்தார், அதுதான் எங்கள் தொழிலில் முறை. ஆனால் சிவகாசியில் சீட்டு வெட்டுகிற அச்சு ஒரு தாளுக்கு ஐம்பத்து நாலு வெட்டும். ஒன்று காலியாப் போகுதேம்மா, ஏதாவது எழுதிக் குடுங்க, தாள் ஓடிக்கிட்டிருக்கு என்று அச்சகத்தில் மேற்பார்வை பார்த்தவர் சொல்ல, இவர் வாசலில் வாங்கின டீ ஆறுவதற்குள் நின்றவாக்கில் ஒரு சீட்டு எழுதினார். படம் போட நேரமில்லை. பழைய காலண்டர் வேலையில் மிஞ்சின வேப்பங்கொத்து ஒன்று கிடந்தது, அதைப் போட்டார். கீழே இப்படி எழுதினார்: நாலு நாள் காய்ச்சலில் உங்கள் வீட்டுப் பிள்ளை போய்விட்டது. பிள்ளைப் பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தச் சீட்டை யாரும் ஒரு தடவைகூட ஆடிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு நாச்சிமுத்து என்கிற மனிதர் அந்தச் சீட்டை எடுத்தார். மோட்டார் பம்ப் கம்பெனியில் மேற்பார்வையாளர், கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்களுக்குத் தகப்பன், சத்தமாகச் சிரிக்கிறவர். சீட்டைப் படித்தார், பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார், சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் ஆடி முடித்துச் சுற்று மறுபடி அவரிடம் வந்தபோது, ஆடுங்க என்று சொன்னதற்கு, "கொஞ்சம் பொறுங்க. தங்கமணி இப்பத்தான் போனா" என்றார். தங்கமணி யார் என்று கேட்க, மூன்று வயது மகள் என்றார். ஆடிக்கொண்டிருந்த மூன்று பேரும் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள், சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி.

அவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்க்கத் திருவிழா நடத்துகிற மயூரநாதன் ஓடி வந்தார். பிசகவில்லை. தோணிமேடு என்று ஊர் இல்லை என்பதும் தான் எடுத்தது அச்சடித்த அட்டை என்பதும் நாச்சிமுத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "சீட்டுன்னு தெரியுதுங்க. தெரிஞ்சா வலிக்காதுங்களா?" என்று அவர் கேட்டதற்கு மயூரநாதனிடம் பதில் இல்லை. அவர் நிர்வாகி அல்லவா, பதில் இல்லாத இடத்தில் ஏற்பாடு செய்கிறவர், மணமகள் அறையைத் திறந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேர் போய் அங்கே பல்பு போட்ட கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள்.

அன்று பந்தியில் நாச்சிமுத்து சாப்பிடவில்லை. துக்க வீட்டுக்காரன் தானாக வந்து சாப்பிட மாட்டான், அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது, ஆகையால் பகடை விற்கிறவன் ரசம் சோறு கொண்டுபோனான், நான் மோர் கொண்டுபோனேன், கூச்சல் போட்டு ஆடுகிற விளையாட்டுக்காரனை வாசல் பக்கமாக நகரச் சொன்னோம், அவனும் முணுமுணுக்காமல் நகர்ந்தான். செண்பகவல்லி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சீட்டு நாச்சிமுத்து பையில் போய்விட்டதால் அந்தச் சீட்டுக்கட்டில் இனி ஐம்பத்து மூன்றுதான், இத்தோடு முடிந்தது என்று நான் ஆறுதல் சொன்னேன்.

முடியவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தச் சீட்டு இருந்தது, மண்டபம் முழுக்கச் செய்தி பரவியதும் செண்பகவல்லி கடைமுன் வரிசை நின்றது. பயந்து ஓட வேண்டியவர்கள் பெட்டி வாங்கிக்கொண்டு போய்க் காலி மேசைகளில் பிரித்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மணமகள் அறையில் ஏழு பேர், மாலை பன்னிரண்டு பேர். ஈரோட்டில் கல்லூரி ஆசிரியை சகுந்தலா, ஐம்பது வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவர், எச்சில் கையோடு ஓடி வந்து மடியில் ஏறுகிற ஒரு பெண்பிள்ளையை இழந்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார். மற்றக் கடைக்காரர்களுக்கு உள்ளூர ஒரு பொறாமை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையாட்டில் ஜெயித்தவனே சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அதை மறந்துவிடுகிறான், இந்த அம்மாள் டீ குடிக்கிற நேரத்தில் எழுதினதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்களே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை செண்பகவல்லி விற்பனையை நிறுத்திவிட்டு, மிச்சப் பெட்டிகளைப் பூட்டி வைக்க ஓர் அறை கேட்டு மயூரநாதனைப் பார்க்கப் போனார். அந்த நேரத்தில் நடந்தது என்னால் நடந்தது. எனக்கும் ஒரு தடவை ஆடிப் பார்க்கும் ஆசை. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நேற்றே வாங்கி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன், நாலாவது ஆள் இல்லை, பால்வண்ணத்தைக் கூப்பிட்டேன். எனக்கு ஆடத் தெரியாது என்றார். சும்மா உட்காருங்க, சீட்டு எடுக்கத் தெரிஞ்சா போதும் என்றேன். நாலாவது சுற்றில் என் முறை வந்தபோது கையில் டீ இருந்தது. நீங்க முதல்ல எடுங்க, நான் இதை முடிச்சுக்கறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் எடுத்தார்.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது பால்வண்ணம் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அவருடைய பிள்ளையின் பெயர் இசக்கிப்பாண்டி, நாலு வயது. குழலி ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார், மரியாதையாகத்தான் பார்த்தார், கையை மெல்ல எடுத்துவிட்டு, "பாப்பா, நேரமாச்சு. உங்க வீட்டுல தேடுவாக, போம்மா" என்றார். தோணிமேட்டில் வீட்டுக்கு ஒரு பிள்ளைப் பொம்மைதான். அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை, அது போய்விட்டது, இது யார் வீட்டுப் பெண்ணோ. குழலி அம்மாவைப் பார்த்தாள். நான் என் டீ டம்ளரை வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

திருவிழா முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள், துக்கமும் பெட்டி படுக்கையோடு கூடவே போனது. பத்தொன்பது பேர். பம்ப் கம்பெனியில் நாச்சிமுத்துக்கு விடுப்புக் கொடுத்தார்கள், விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மகள் மறைவு என்று எழுதினார், மேலாளர் கையெழுத்துப் போட்டார். ஈரோட்டில் சகுந்தலாவின் மாணவிகள் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார்கள். தோணிமேட்டுக்காரர்கள் என்று வாட்ஸப்பில் ஒரு குழு உண்டானது, அதில் காலை வணக்கம் போட்ட ஒருவனை உடனே நீக்கினார்கள். ஆடி அமாவாசைக்கு எல்லோரும் பேரூர் படித்துறையில் கூடுவது என்று முடிவானது.

கோவில்பட்டியில் பால்வண்ணம் வேன் ஓட்டினார், சாப்பிட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். குழலி வீட்டுக்குள் வந்தால் மட்டும் எழுந்து ஓரமாக நின்றார், விருந்தாளிப் பிள்ளைக்கு இடம் விடுகிறவர் மாதிரி. தின்பண்டம் வாங்கி வந்தால் அவளுக்கும் ஒன்று கொடுப்பார், அம்மாகிட்டச் சொல்லிட்டுத் தின்னு என்பார். குழலி தானே தலை பின்னிக்கொண்டு ஒரு சடை மேலும் ஒரு சடை கீழுமாகப் பள்ளிக்கூடம் போனாள், அதுவும் அப்பாவின் வேனில், மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக. ஒரு நாள் அவள் அம்மாவிடம், நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டாள். செண்பகவல்லி எனக்குப் போன் செய்து அதைச் சொல்லிவிட்டு வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அமாவாசையன்று பேரூருக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத் திதி கொடுக்கிற வழக்கமில்லை என்று படித்துறையில் சொல்லிவிட்டதால், பத்தொன்பது பேரும் பன்னும் பாலும் வாங்கி அந்தப் பக்கம் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால் பதினெட்டுப் பேர். நாச்சிமுத்து வரவில்லை. அவர் சட்டையை அவர் மனைவி பையைப் பார்க்காமல் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார், சீட்டு கூழாக வெளியே வந்தது, அந்த நிமிஷமே நாச்சிமுத்து டீவியைப் போட்டுவிட்டு, நான் எதற்கு இத்தனை நாள் விடுப்பில் இருக்கிறேன் என்று கேட்டாராம். இப்போது சத்தமாகச் சிரிக்கிறாராம், தங்கமணி என்று சொன்னால் யார் அது என்கிறாராம். அதைக் கேட்டு அங்கே ஒருவரும் சந்தோஷப்படவில்லை. பாதிப் பேர் அன்று மத்தியானமே ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சீட்டை லேமினேஷன் செய்துகொண்டார்கள்.

செண்பகவல்லி எல்லோர் முன்னாலும் கைகூப்பி, எல்லாச் சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் கிழித்துப்போட்டுவிடுகிறேன், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று கேட்டார். பதினேழு பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பால்வண்ணம் தன் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் சகுந்தலா செண்பகவல்லியைத் தனியாகப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார், நான் அவர்களுக்கு மேல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எழுதினதுக்கு நான் உங்களக் கோவிச்சுக்கலைங்க. ஆனா நாச்சிமுத்து புள்ளைக்கு இப்ப யாரு இருக்கறாங்க? மூணு வயசுன்னு சொன்னாரு, பேரு சொன்னாரு, அவ்வளவுதான். அவ என்ன தின்பா, எதுக்கு அழுவா, ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் புள்ளைய நெனைக்க முடியாம நாங்க கெடந்து தவிக்கறோம்."

செண்பகவல்லி, எனக்கு உயிரோட ஒரு பிள்ளை இருக்கு டீச்சர், அது தகப்பன் இல்லாம நிக்குது என்றார்.

சகுந்தலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா கிழிங்க. கிழிக்கறதுக்கு முன்னாடி அவருகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கங்க. கேக்காமக் கிழிச்சுராதீங்க."

அதற்குப் பிறகு நடந்ததைச் செண்பகவல்லியே எனக்குப் போனில் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்றால், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழலி சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, பால்வண்ணம் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி எதிரே உட்கார்ந்து, பையனைப் பற்றிச் சொல்லுங்க என்றார். இத்தனை நாளில் யாரும் அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது, அவர் கடலையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கார்த்திகை மழையில் பிறந்தவன். இட்டிலியின் நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினால்தான் வாய் திறப்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது செருப்பையெல்லாம் ஜோடி மாற்றி வைத்துவிட்டு ஒளிந்துகொள்வான். கோழியைக் கண்டு பயம், கோழிக்குஞ்சைக் கண்டு பயமில்லை. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் ரயிலைக் காட்டு என்று கேட்டான். இந்த இடத்தில் செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் தோணிமேட்டுப் படத்தில் குளம் வரைந்தார், கோயில் வரைந்தார், தண்டவாளம் வரையவில்லை. ரயில் இல்லாத ஊரில் பிள்ளை ரயில் கேட்டால் தகப்பன் என்ன செய்வான். அவனைப் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கோடி மேட்டுக்கு ஏறி, அதோ வருது, அதோ வருது என்று சொல்லி வாயாலேயே ரயில் ஓட்டியிருக்கிறார். எத்தனை பெட்டி என்று அவன் கேட்டான். எண்ணிச் சொன்னேன் என்றார் பால்வண்ணம். இருபத்திரண்டு.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவர் குளிக்கப் போனார். ஆணியில் சட்டை தொங்கியது. செண்பகவல்லி சீட்டை எடுத்து, அரிசி களைந்து வைத்திருந்த தண்ணீரில் போட்டுப் பிசைந்தார். சீக்கிரம் நைந்துபோகக் கூடாது என்று கடை கடையாக ஏறி இறங்கி அவரே தேர்ந்தெடுத்த அட்டை, லேசில் கரையவில்லை. வேப்பங்கொத்து முதலில் போனது, எழுத்து பிறகு போனது. கடைசித் துணுக்கும் கூழானபோது குளியலறைக்குள் பால்வண்ணம் பாட ஆரம்பித்தார். தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்து, பிள்ளை எங்கே, இன்னுமா சித்தி வீட்டில் இருக்கிறாள், நான் போய்க் கூட்டியாறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தார். போகிற போக்கில் வாசலில் கிடந்த கடலையில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரை செண்பகவல்லி அடுப்படியில் நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, பெற்றவள் அழுகிற மாதிரி அழுதார். அட்டையைக் கரைத்ததில் போனது அவர் கணவருடைய துக்கம், காதால் கேட்டது எங்கேயும் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து இறங்கியபோது முகத்தைக் கழுவியிருந்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று பால்வண்ணம் கேட்டதற்கு வெங்காயம் என்றார், வீட்டில் அன்று வெங்காயமே இல்லை.

அடுத்த ஆடியும் வந்தது, மண்டபமும் கிடைத்தது. செண்பகவல்லி வருவாரா என்று நாங்கள் பந்தயம் கட்டவில்லை, ஆனால் எதிர்மேசையில் யாரையும் உட்கார விடவில்லை. வந்தார்கள், மூன்று பேரும். புதிதாக ஒரு விளையாட்டு, சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருகிற விளையாட்டு, யார் ஆடினாலும் ஒன்றும் ஆகாது. பால்வண்ணம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, என்ன அண்ணாச்சி, போன வருஷம் உங்ககூட உக்காந்து ஆடினேனே, ஜெயிச்சது யாரு, எனக்கு ஞாபகமே இல்ல என்று கேட்டார். நான் ஜெயித்ததாகச் சொன்னேன்.

அந்த வருடம் சாப்பாட்டு டோக்கன் எழுதுகிற வேலையை மயூரநாதன் என் தலையில் கட்டியிருந்தார். கடைக்கு எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிக்காரர்களிடம் வந்தபோது, பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க எத்தனைம்மா என்று குனிந்தபடியே கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், எல்லோரையும் கேட்ட வாயால் அவரையும் கேட்டுவிட்டேன்.

"ரெண்டு" என்றார் செண்பகவல்லி.

பால்வண்ணம் சிரித்துவிட்டார். "ஒண்ணுதான் அண்ணாச்சி. இவ ஒருத்தி, எங்க போனாலும் இப்படித்தான் ரெண்டு ரெண்டுன்னு சொல்லுதா. ரேஷன் கடையிலயும் சொன்னா." குழலியும் சேர்ந்து சிரித்தாள், அம்மா, நான் ஒருத்திதானம்மா என்று அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். செண்பகவல்லி மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நான் வைத்திருந்த தாளைப் பார்த்தார்.

"ஆமா, ஒண்ணுதான்" என்றார். "ஒண்ணுன்னே எழுதிக்கங்க அண்ணாச்சி."

ஒன்று என்று எழுதினேன்.